கையைக் கட்டிக்கொண்டு நீச்சல்

செமஸ்டர் நடுவுல இருக்கேன், காஸ்டிங் அசைன்மென்ட் ரெண்டு பாக்கி இருக்கு, ஆனாலும் இதை எழுதாம தூக்கம் வராது. நேத்து ராத்திரி மெஸ்ஸுல எம்.காம் அண்ணன் ஒருத்தர் எங்க மேஜையைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னார். "என்னடா இது, கையைக் கட்டிக்கிட்டு நீச்சல் அடிக்கிறீங்க? இதெல்லாம் மேஜிக்கா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரூமுக்கு வந்தப்புறம்தான் சூடு ஏறிச்சு. (எனக்கு எப்பவும் பதில் ரூமுக்கு வந்தப்புறம்தான் தோணும்.)

விஷயம் தெரியாதவங்களுக்கு: மேஜிக் த கேதரிங் என்பது 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கார்டு விளையாட்டு. சீட்டுக்கட்டு மாதிரி எல்லாருக்கும் ஒரே கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான கார்டுகள்ல இருந்து நீங்களே பொறுக்கி ஒரு டெக் கட்டிக்கணும். நிலம் என்கிற லேண்ட் கார்டுகள் மானா தரும், அந்த மானாவைச் செலவு பண்ணி மத்த கார்டுகளை இறக்கணும். நாங்க ஆடறது அதுல கமாண்டர் என்ற வகை. வழக்கமா நாலு பேர், ஆளுக்கு 40 உயிர், ஒரு கமாண்டரையும் சேர்த்து 100 கார்டு. அடிப்படை லேண்டுகள் தவிர எந்தக் கார்டும் ஒண்ணுக்கு மேல இருக்கக் கூடாது. கமாண்டருக்கு இல்லாத நிறம் டெக்குல எங்கேயும் வரக் கூடாது.

இந்த விதிகளை இன்னொரு தடவை படிங்க. ஒவ்வொண்ணும் தடைதான். அண்ணன் சொல்ற "உண்மையான மேஜிக்"கே கையைக் கட்டிக்கிட்ட நீச்சல்தான். 1990-கள்ல அலாஸ்காவுல சில பேர் ஆரம்பிச்ச விளையாட்டு இது. 1994-ல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்புல இருந்த ஐந்து எல்டர் டிராகன்கள்ல ஒண்ணுதான் தலைவனா இருக்கணும், ஒவ்வொரு கார்டும் ஒண்ணே ஒண்ணுதான் என்று வச்சுக்கிட்டாங்க. அதனாலதான் பழைய பெயர் எல்டர் டிராகன் ஹைலேண்டர். அந்த டிராகன்களை இறக்க எட்டு மானா வேணும். அன்னிக்குப் போட்டி மேஜிக் ஆடினவங்க இதைப் பாத்து என்ன சொல்லியிருப்பாங்க? மெஸ்ஸுல நேத்து நான் கேட்டதைத்தான் சொல்லியிருப்பாங்க. அங்கே இருந்த ஷெல்டன் மெனரி என்ற நடுவர் இதைப் பிடிச்சுக்கிட்டு மத்த நடுவர்கள் மத்தியில பரப்பினார். போட்டி முடிஞ்ச ராத்திரிகள்ல நடுவர்கள் ஆடற ஆட்டமா அது வளர்ந்தது. 2011-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே தயார் டெக் போட்டு விக்க ஆரம்பிச்சது. நாலு பேர் கிறுக்குத்தனமா வச்சுக்கிட்ட கட்டுப்பாடுதான் இன்னிக்கு முழு வியாபாரம்.

சரி, எங்க கதைக்கு வர்றேன். அதுலதான் என் வயித்தெரிச்சல் இருக்கு.

2023-ல் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்தப்ப எங்க யார்கிட்டயும் ஒரிஜினல் கார்டு கிடையாது. ஒரு கார்டோட அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். ஏ4 தாள்ல ஒன்பது அடங்கும். 100 கார்டுக்கு 12 தாள். காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில தாளுக்கு ரெண்டு ரூபா. ஆக ஒரு டெக் 24 ரூபா. வெட்டி, பழைய சீட்டுக்கட்டுக்கு மேல வச்சு, பிளாஸ்டிக் உறைக்குள்ள சொருகினா முடிஞ்சது. வெளிநாட்டுல நூறு டாலருக்கு மேல வித்த மானா கிரிப்ட்டும் 24 பைசா, யாருக்கும் வேண்டாத கார்டும் 24 பைசா. பணம்ங்கற தடையே இல்லாத உலகம்! பி.காம் பசங்களுக்கு இதைவிட சொர்க்கம் உண்டா?

முதல் மாசம் சொர்க்கம்தான். ரெண்டாவது மாசம் நாலு டெக்கையும் விரிச்சு வச்சுப் பாத்தா, கமாண்டர் மட்டும்தான் வேற. மத்தபடி அதே சோல் ரிங், அதே மானா கிரிப்ட், அதே டெமானிக் டியூட்டர், அதே வேம்பைரிக் டியூட்டர். கடைசியில அதே ஜோடி: தாஸாஸ் ஆரக்கிள், டெமானிக் கன்சல்டேஷன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கன்சல்டேஷன் 1995-ல் வந்த கார்டு. டெக்குல இல்லாத ஒரு பேரைச் சொல்லி அதை ஆடினா உங்க மொத்த டெக்கும் ஆட்டத்தை விட்டே போயிடும். ஆரக்கிள் 2020-ல் வந்தது. அது மேஜைக்கு வரும்போது டெக் காலியா இருந்தா நீங்க ஜெயிச்சாச்சு. ரெண்டு கார்டு, மூணு மானா. எதிர்ல மூணு பேர் 40 உயிரோட உக்காந்திருந்தாலும் கதை முடிஞ்சது.

நாலாவது சுத்துல ஆட்டம் முடியும். அப்புறம் பத்து நிமிஷம் குலுக்குவோம். மறுபடி நாலாவது சுத்து. குலுக்கற நேரம் ஆடற நேரத்தை விட அதிகம்.

எங்க கூட்டத்துல நெய்வேலிக்காரன் ஒருத்தன். அதிகம் பேச மாட்டான். ஒரு சனிக்கிழமை வரலை. அடுத்த சனிக்கிழமையும் வரலை. தலைவலின்னான், ரெக்கார்டு எழுதணும்னான். மூணாவது வாரம் ரூமுக்கே போய்க் கேட்டேன். "நான் விளையாட வர்றேன்டா. நீங்க யாரோ எழுதி வச்ச லிஸ்டை ஒப்பிக்கிறீங்க. அதைப் பாக்க நான் எதுக்கு?" என்றான். முந்தின வாரம் அவன் ஏழாவது சுத்துக்குன்னு ஏதோ யோசிச்சு வச்சிருந்தானாம். மூணாவது சுத்துலயே நான் முடிச்சுட்டு, "அடுத்தது போடு" என்று கார்டைத் தட்டினேனாம். எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் ரொம்ப உறுத்தினது.

மக்களே, இங்கதான் எம்.காம் அண்ணனோட எனக்குச் சண்டை. "கட்டுப்பாடு வச்சா டெக்கோட பலம் குறையுது" என்கிறார். அண்ணே, நீங்க எகனாமிக்ஸ் படிச்சவர். ஊர்ல எல்லார் சம்பளமும் ஒரே நாள்ல ரெண்டு மடங்காச்சுன்னா யாராவது பணக்காரன் ஆவானா? அரிசி விலை ரெண்டு மடங்காகும், அவ்வளவுதான். நாலு பேரும் மானா கிரிப்ட் வச்சா நாலு பேருக்கும் லாபம் பூஜ்யம். பண்டத்துக்குப் பதில் டெக்குல நடந்த பணவீக்கம் அது. நாலு பேரும் எடுத்து வெளியே வச்சாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. குறையறது வேகம் மட்டும்தான். வேகம் குறைஞ்சா என்ன? இன்னும் நாலு சுத்து ஆடலாம்.

இன்னொரு கணக்கும் சொல்றேன். ஒவ்வொரு கார்டும் ஒண்ணேதான் என்ற விதி எதுக்கு வந்தது? ஒவ்வொரு ஆட்டமும் வேற மாதிரி இருக்கணும்னுதான். கமாண்டர் போக மீதி 99-ல ஒரு கார்டு முதல் ஏழு கார்டுல வர வாய்ப்பு சுமார் 7 சதவீதம். அந்த ஜோடி ரெண்டும் முதல் கையிலயே வர வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. (ஏழின் கீழ் தொண்ணூத்தொன்பது பெருக்கல் ஆறின் கீழ் தொண்ணூத்தெட்டு, போட்டுப் பாருங்க.) அப்புறம் எப்படி எங்க மேஜையில வாராவாரம் அதே ஜோடி? டியூட்டர்கள்! டெக்குல தேடி வேண்டியதை எடுத்துக்கோ என்று சொல்ற கார்டுகள். எட்டு டியூட்டர் வச்சா, ஒண்ணே ஒண்ணு இருக்க வேண்டிய கார்டு ஒன்பது இருக்கிற மாதிரி. விதியை எழுத்துல காப்பாத்தி அர்த்தத்துல கொன்னாச்சு. எங்க சார் சொல்ற வரி ஏய்ப்புக்கும் வரி தவிர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ரெண்டாவது சட்டப்படி சரிதான், ஆனா யாரும் அதைச் சொல்லி மார்தட்டிக்கறதில்லை. அதனால நாங்க வச்ச முதல் கட்டுப்பாடே, டியூட்டர் கிடையாது.

ரெண்டாவதா வச்சதுதான் பெரிசு. காமன் கார்டு மட்டும். இது எங்க கண்டுபிடிப்பு இல்லை, வெளியில பாப்பர் கமாண்டர் என்ற பேர்ல ரொம்ப நாளா இருக்கு. 99 கார்டும் காமன், கமாண்டர் மட்டும் அதுக்கு ஒரு படி மேல, அன்காமன். உயிர் 40 இல்லை, 30. காமன் என்றால் பாக்கெட் பிரிச்சதும் ஓரமா தள்ளிவிடற குப்பை என்றுதான் நானும் நினைச்சேன்.

நினைப்பை மாத்தினவன் அந்த நெய்வேலிக்காரன்தான்.

நாலு பேர் ஆட்டத்துல கார்டோட மதிப்பே மாறிடும். லைட்னிங் போல்ட்டை எடுத்துக்கோங்க, ஒரு மானாவுக்கு மூணு டேமேஜ். ரெண்டு பேர் ஆட்டத்துல எதிராளிக்கு 20 உயிர்தான், மூணு என்பது 15 சதவீதம். கமாண்டர்ல எதிர்ல மூணு பேர், 120 உயிர். மூணு என்பது 2.5 சதவீதம். அதே கார்டு, மேஜை மாறினதும் செல்லாக்காசு. இதுக்கு நேரெதிர் கிரே மெர்ச்சன்ட் ஆஃப் ஆஸ்போடெல். 2013-ல் வந்த காமன். உங்க மேஜையில இருக்கிற கார்டுகளோட விலையில எத்தனை கறுப்பு மானா குறி இருக்கோ, அத்தனை உயிர் ஒவ்வொரு எதிராளியும் இழக்கணும். மொத்தமும் உங்க கணக்குல வரவு. எதிராளி ஒருத்தர்னா ஒரு பங்கு, மூணு பேர்னா மூணு பங்கு. விலையுயர்ந்த கார்டு எது என்று பாத்தே டெக் கட்டினவனுக்கு இது கண்ணுலயே படாது. என் கண்ணுல பட்டதில்லை.

அன்னிக்கு அவன் மேஜையில பெஸ்டிலென்ஸ் இருந்தது. 1993 முதல் தொகுப்புலயே வந்த காமன். ஒரு கறுப்பு மானா கொடுத்தா மேஜையில இருக்கிற எல்லா கிரியேச்சருக்கும், எல்லா ஆளுக்கும் ஒரு டேமேஜ், போட்டவனுக்கும் சேர்த்து. நாங்க மூணு பேரும் 10, 9, 8. அவன் 2. தன்னோட விஷத்தை ரெண்டு தடவை இறக்கினா தானே செத்துடுவான். செத்த பாம்பை எதுக்கு அடிக்கணும்னு நாங்க எங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டிருந்தோம். அவன் அஞ்சு மானா கொடுத்து மெர்ச்சன்ட்டை இறக்கினான். பெஸ்டிலென்ஸ் விலையில ரெண்டு கறுப்பு, மெர்ச்சன்ட் விலையில ரெண்டு, மொத்தம் நாலு. எங்களுக்கு 6, 5, 4. அவனுக்கு 14. அப்பதான் மூணு பேருக்கும் விளங்கிச்சு. ஒரு சுத்து முழுக்க மூணு பேரும் சேர்ந்து அடிச்சு 9-க்கு இறக்கினோம். போதலை. அவன் முறை வந்ததும் ஆறு ஸ்வாம்ப்பையும் திருப்பி, பெஸ்டிலென்ஸை ஆறு தடவை தட்டினான். எங்க மூணு பேர் கணக்கும் ஒண்ணு பின்னால ஒண்ணா முடிஞ்சது. அவன்கிட்ட 3 பாக்கி.

மெஸ்ஸு வரைக்கும் அதைப் பத்தியே பேசிக்கிட்டுப் போனோம். ஆரக்கிளை வச்சு நான் ஜெயிச்ச ஒரு ஆட்டம் கூட எனக்கு இப்படி ஞாபகம் இல்லை. சத்தியமா ஒண்ணு கூட இல்லை.

அதுக்கு அண்ணன் தீர்ப்பு: "சின்னப் பசங்க விளையாட்டு, விட்டுக் கொடுத்திருப்பீங்க." அண்ணே, நாங்க ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கொடுக்கலை. தப்புக் கணக்குப் போட்டோம், தோத்தோம்.

இந்த ஏளனம் அண்ணன்கிட்ட மட்டும் இல்லை, கம்பெனிக்கும் இருக்கு. 2025 பிப்ரவரியில கமாண்டர் டெக்குகளை ஐந்து படியாப் பிரிச்சு ஒரு சோதனை முறை அறிவிச்சாங்க. கீழ்ப்படிக்குப் பேர் எக்ஸிபிஷன். அங்கே ஜெயிக்கறது முதல் நோக்கம் இல்லையாம், வித்தியாசமா செஞ்சதைக் காட்டறதுதானாம். விசித்திரக் கட்டுப்பாடு போட்ட டெக்குகளுக்கு அங்கதான் நாற்காலி. நோக்கம் நல்லதுதான், யார் எந்த மேஜையில உக்காரணும்னு தெரிய ஒரு வழி வேணும், ஒத்துக்கறேன். ஆனா விசித்திரம் என்றால் ஜெயிக்க ஆசை இல்லாதது என்று யார் சொன்னது? பொம்மை கொலு மாதிரி தனியா வச்சுட்டா எப்படி?

99 லேண்ட் டெக்கைப் பாருங்க. கமாண்டர், சைல்ட் ஆஃப் அலாரா. மத்த 99-ம் நிலம். ஒரு மந்திரம் கிடையாது, வேற ஒரு கிரியேச்சர் கிடையாது. கேட்டா ஜோக். ஆனா அந்தக் குழந்தை செத்தா மேஜையில லேண்ட் தவிர மத்த எல்லாம் அழியும். நம்மகிட்ட இருக்கிறதே லேண்ட்தானே! ஹை மார்க்கெட் என்ற லேண்ட், கிரியேச்சரைப் பலி கொடுத்து ஒரு உயிர் வாங்கிக்கலாம்னு சொல்லுது. ஆக குழந்தையை இறக்கு, பலி கொடு, மூணு பேர் கட்டின கோட்டையும் தரைமட்டம். 2020-ல் ஒரு விதியை மாத்தினாங்க. கமாண்டர் செத்தா முதல்ல கல்லறைக்குப் போயிட்டு அப்புறம் தன் இடத்துக்குத் திரும்பலாம் என்று. அதனால சாவுக்கான பலனும் கிடைக்கும், ரெண்டு மானா கூடுதலாக் கொடுத்தா குழந்தையும் திரும்பக் கிடைக்கும். ஜெயிக்கறது எப்படி? மேஸஸ் எண்ட் என்ற லேண்ட் இருக்கு. அது ஒவ்வொரு கேட்டாத் தேடிக் கொண்டு வரும், வெவ்வேற பேர்ல பத்து கேட் சேர்ந்துட்டா வெற்றி. (ஆமா, தேடற வேலைதான் அதுவும். டியூட்டர் கூடாதுன்னு சொல்லிட்டு இதுக்கு மட்டும் சலுகையான்னு கேப்பீங்க. சுத்துக்கு ஒரு தடவை, மானா கொடுத்து, எல்லார் கண்ணு முன்னாலயும் தேடுது. மேஜைக்கு யோசிக்க நேரம் இருக்கு.) இதைக் கட்டினவங்க ஜெயிக்க ஆசைப்படலைன்னு சொல்ல முடியுமா? பார்ட் ஒன் தமிழ்ல படிச்சோமே, உதடு ஒட்டாத எழுத்துகளாலேயே நிரோட்டக யமக அந்தாதி பாடின துறைமங்கலம் சிவப்பிரகாசர். அவரைப் பாத்து, பாவம் ப, ம வராது போலன்னு யாராவது சொன்னோமா?

இப்ப என் கட்சிக்காரங்களையும் நாலு வார்த்தை திட்டணும், இல்லைன்னா நியாயம் இல்லை. படத்துல நாற்காலி இருக்கிற கார்டு மட்டும், பெண் இடப்பக்கம் பாக்கிற கார்டு மட்டும் என்றெல்லாம் டெக் கட்டறவங்க உலகத்துல இருக்காங்க. அருமை, எனக்கும் பிடிக்கும். ஆனா அதைத் தூக்கிட்டு வந்து, "என் டெக் பாவம், என்னை அடிக்காதே" என்று மூணு மணி நேரம் புலம்பறவன் இருக்கானே, அவன் ஆரக்கிள்காரனை விட மோசம். நீ உனக்கு வச்சுக்கிட்ட விரதத்துக்கு நான் ஏன் பட்டினி கிடக்கணும்? அதே மாதிரிதான் எதிராளி லேண்டையெல்லாம் முடக்கி யாரையும் ஆட விடாத டெக்கைக் கட்டிட்டு, "எல்லாம் காமன்தானே" என்கிறவனும். கட்டுப்பாடு உன் டெக்குல இருக்கணும், என் கழுத்துல இல்லை. எங்க மேஜையில இந்தத் தப்பை முதல்ல பண்ணினது நான்தான், தொப்பி போட்ட கிரியேச்சர் டெக்கோட. நெய்வேலிக்காரன் ஒரு வார்த்தை பேசாம ஆறாவது சுத்துல என்னை வெளியேத்தினான். சரியாத்தான் செஞ்சான்.

மேலே இருந்து யாராவது தடை போடட்டும், நாங்க ஏன் போட்டுக்கணும் என்பது இன்னொரு வாதம். போட்டாங்களே! 2024 செப்டம்பர் 23-ல் கமாண்டர் விதிகளைப் பாத்துக்கிட்டிருந்த சின்னத் தன்னார்வக் குழு மானா கிரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், நாடு என்று நாலு கார்டைத் தடை செஞ்சது. ஜூவல்ட் லோட்டஸ் 2020-ல் வந்தது. கமாண்டரை இறக்க மட்டும்தான் அதோட மானா உதவும், வேற எந்த ஆட்டத்துலயும் பிரயோஜனம் இல்லை. விலை சரிஞ்சது. முதலீடு போச்சுன்னு கொதிச்சவங்க குழுவுல இருந்தவங்களுக்கு மிரட்டல் விடற அளவுக்குப் போனாங்க. ஒரே வாரத்துல, செப்டம்பர் 30-ல், பொறுப்பு முழுசா கம்பெனி கைக்குப் போயிடுச்சு. விளையாட்டுக் கார்டை பேலன்ஸ் ஷீட்ல சொத்துன்னு எழுதினா இதுதான் நடக்கும். அதே தடையை நாலு பேர் மேஜையில பேசி முடிவு பண்ணினா யாருக்கும் நஷ்டம் இல்லை, பிடிக்கலைன்னா அடுத்த சனிக்கிழமை மாத்திக்கலாம். நாங்க மானா கிரிப்ட்டைத் தூக்கி எறிஞ்சு அப்பவே மாசக்கணக்காகியிருந்தது. மொத்த நஷ்டம் ஆளுக்கு 24 பைசா.

நெய்வேலிக்காரன் அதுக்கப்புறம் ஒரு சனிக்கிழமை கூடத் தவறலை. கட்டுப்பாடு என்னன்னு இப்ப சீட்டுப் போட்டு எடுக்கறோம், எழுதறது பெரும்பாலும் அவன்தான். போன மாசம் வந்தது, எல்லா கார்டு பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிக்கணும். நான் படாத பாடு பட்டேன். இந்த வாரம் என் சீட்டு விழுந்திருக்கு: 99 லேண்ட். பத்து வெவ்வேற கேட்டும் பிரிண்ட் எடுக்கணும், ஜெராக்ஸ் கடை ஏழரைக்கு மூடிடுவார்.

எம்.காம் அண்ணே, நாலாவது கை ஒருத்தன் இந்த வாரம் ஊருக்குப் போறான். இடம் காலியா இருக்கு. 24 ரூபா நானே போடறேன், வாங்க. ஆனா ஆரக்கிளைக் கொண்டு வரக் கூடாது :-)